ராணுவ ஆலோசனை: என் அக்கா

பிப்ரவரி 9

அன்புள்ள வாலுக்கு,

இங்கே நானும் மாமாவும் நல்லா இருக்கோம். நீ நல்லா இருக்கேங்கறது பஸ் ஸ்டாண்டு சுவர் முழுக்க ஒட்டியிருக்கு, அதனால விசாரிக்கல. போன் பண்ணா நான் வாயைத் திறக்கறதுக்குள்ள "ஷாட் ரெடிக்கா"ன்னு வெச்சுடறே. அதான் காகிதம். முழுசா படிச்சுத் தொலை.

உன் மூணாவது பேய்ப்படத்தையும் பார்த்துட்டேன். மாமா இடைவேளைக்கு முன்னாடியே குறட்டை விட்டாரு. பேய் கத்தினப்போ ஒரு தடவை முழிச்சு, "யாரு, உன் தம்பியா?"ன்னு கேட்டுட்டு மறுபடி தூங்கிட்டாரு.

ஏண்டா, அந்த கேப்டன் இருட்டு பங்களாவுக்குள்ள எதுக்குடா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டுப் போறான்? எட்டு ஜவான் கூடப் போறாங்க. வாசல்ல காவலுக்கு ஒருத்தன் நிக்கல. மாடியில சத்தம் கேட்டா ஒவ்வொருத்தனா தனியாப் போறான். போனவன் வரலையேன்னு அடுத்தவன் போறான், அவனும் தனியா! ரேஷன் கடை வரிசை மாதிரி ஒழுங்காப் போய்ச் சாகறாங்க. இத்தனை வருஷம் ராணுவ ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்திருக்கேன், இவ்வளவு மக்குங்களை ஒரே இடத்துல நான் பார்த்ததே இல்லை.

அது கூடப் போகட்டும். அந்தப் பேய்க்கு ஒரு பாட்டு வெச்சிருக்கே. ஒரு காதல், ஒரு துரோகம், மழையில ஓடற காட்சி எல்லாம் இருக்கு. கடைசியில நானே மூக்கைச் சிந்தினேன். அந்த எட்டு ஜவானுக்கு ஒரு அம்மா கூட இல்லையேடா. ஒருத்தன் செத்தா சொல்லி அனுப்ப வீடு இல்லை. வானத்துலேருந்து குதிச்சாங்களா?

உன்னை மட்டும் சொல்லல. கிளினிக்ல மத்தியானம் ஊசி போட ஆள் வராத நேரத்துல டிவியில ஓடற பேய்ப்படம் ஒண்ணு விடாம பார்க்கறேன். கிருமியை ஜாடியில வளர்க்கறது யாரு? ராணுவம். நல்லது சொல்ல வந்த விஞ்ஞானியை வாயை மூடுன்னு அதட்டறது? ராணுவம். ஊர் மேலயே குண்டைப் போட்டுடலாம்னு சொல்றது? அதுவும் நாங்கதான். பேய் பாவம், நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்குது. உங்களுக்கெல்லாம் எங்க மேல அப்படி என்னடா கடுப்பு?

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

பிப்ரவரி 21

என் அருமை அக்காவுக்கு,

உன் கடிதத்தை யூனிட்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். கேமராமேன் விழுந்து விழுந்து சிரிச்சான். கறுப்புக் கண்ணாடி அவன் யோசனைதான். இப்போ மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கான்.

ஆனா கடுப்புன்னு சொன்னது தப்புக்கா. யோசிச்சுப் பாரு. சண்டைப் படம் எடுக்கறவனுக்கு டாங்கி வேணும், ஹெலிகாப்டர் வேணும். அதுக்கு உங்க பெரியவங்க கிட்ட அனுமதி வாங்கணும், கதையைக் காட்டணும். அவங்க அடிச்ச வரியை அடிச்சுட்டு, சொன்ன வரியைச் சேர்க்கணும். அதனால அந்தப் படத்துல எல்லாம் நீங்க தெய்வம். கொடி பறக்கும், பின்னாடி வயலின் அழும். அந்தப் படத்தைப் பார்த்துட்டு "இது ஒருதலைப்பட்சம்"னு நீ எனக்கு ஒரு கார்டாவது போட்டியா? கண்ணைத் துடைச்சுக்கிட்டு வந்திருப்பே.

பேய்ப்படத்துக்கு டாங்கி வேணாம். ஒரு பழைய வீடு, நாலு மெழுகுவர்த்தி போதும். யாரு கிட்டயும் கை கட்டி நிக்க வேணாம். அதனால இங்கே மட்டும்தான் உங்களைப் பத்தி ஒருத்தன் பயந்ததைப் பயந்த மாதிரி சொல்ல முடியுது. யூனிபார்ம் போட்டவன் கதவைத் தட்டினா ஜனம் விளக்கை அணைச்சுட்டு உள்ளேயே இருக்குது. பேய் தட்டினாலும் அப்படித்தான். ரெண்டையும் ஒரே வீட்டு வாசல்ல நிறுத்தறேன், அவ்வளவுதான். "மேலிடத்து உத்தரவு"ன்னு சொல்லிட்டு எதையும் செய்யற ஆளை விட பெரிய பேய் எது, நீயே சொல்லு.

சரி, குறை சொல்ற வாய்க்கு வேலை தர்றேன். அடுத்த படம் ஒரு கூடார ஆஸ்பத்திரியில நடக்குது, போர் நேரம். நீ ஆலோசனை சொல்லு. கட்டில் எப்படிப் போடுவாங்க, யாரு யாருக்கு சல்யூட் அடிப்பாங்க, நர்ஸ் எப்படிப் பேசுவா, எல்லாம். டைட்டில்ல உன்னைப் போடறேன். இனிமே மக்குன்னு சொன்னா பழி உன் மேலயும் விழும்.

மாமாவை அடுத்த படத்துக்குத் தலையணையோட வரச் சொல்லு.

வாலு

மார்ச் 6

அன்புள்ள வாலுக்கு,

வக்கீல் மாதிரி பேசறே. டாங்கி விஷயம் நியாயம்தான், ஒத்துக்கறேன். அந்த வயலின் படங்களும் எனக்குப் பிடிக்காது. அதுல வர்ற ஜவான் சாகும்போது ரெண்டு பக்கம் வசனம் பேசறான். நான் பார்த்த வரைக்கும் சாகப்போறவன் தண்ணி கேட்பான், இல்லன்னா திட்டுவான்.

ஆனா ஒண்ணு கேக்கறேன். அனுமதி வாங்காம சொன்னா அது உண்மை ஆயிடுமா? சண்டைப் படக்காரன் எங்க பெரியவங்களுக்குப் பயந்து பொய் சொல்றான். நீ யாருக்குப் பயந்துடா சொல்றே?

எங்ககிட்ட மோசமான ஆளுங்க இல்லைன்னு நான் சொல்லல. ஒரு மேஜர் டாக்டர் இருந்தான், காயம்பட்டு வந்த எதிரி ஆளுக்கு வலி மருந்து போடாதேன்னு சொன்னவன். நான் போட்டேன், அதுக்கு அவன் என்னை என்ன பாடு படுத்தினான்னு மாமாவுக்குத் தெரியும். அவனைப் பேயா எடு, முதல் டிக்கெட் நான் வாங்கறேன்.

இனி வேலை. காயம்பட்டவங்க கூட்டமா வந்து இறங்கும்போது எல்லாரையும் ஒரே நேரத்துல பார்க்க முடியாது. அதனால வாசல்லயே பிரிப்போம். கையில கலர் அட்டை கட்டுவோம். சிவப்புன்னா உடனே உள்ளே. மஞ்சள் காத்திருக்கலாம். பச்சை நடந்து வந்தவன். கறுப்புன்னா பிழைக்க மாட்டான், அவன் மேல நேரத்தைச் செலவு பண்ணா பிழைக்கறவனும் போயிடுவான். டாக்டர் பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்வாரு, கட்டறது நான். இடது மணிக்கட்டுல, ஒரே இழுப்புல அவிழற முடிச்சு. உயிரோட இருக்கறவனுக்குக் கறுப்பு கட்டறது எப்படி இருக்கும்னு என்னைக் கேக்காதே.

இதை நான் உனக்கு எதுக்குச் சொல்றேன்னா, எந்தப் புத்தகத்துலயும் இல்லாத ஒரு வழக்கம் எங்க கூடாரத்துல இருந்துச்சு. கறுப்பை யாரு கட்டிவிட்டாங்களோ, அவங்களே சிவப்பு எல்லாம் முடிஞ்சதும் திரும்பி வந்து அவன் பக்கத்துல உட்காரணும். உயிர் போற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. யாரும் உத்தரவு போடல. முதல்ல யாரு ஆரம்பிச்சாங்கன்னும் தெரியல. உட்காராம போன ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

இந்த ஊர்க்கார லாரி டிரைவர் ஒருத்தன் இருந்தான், ஹார்ன்னு கூப்பிடுவோம். காலி ரோட்டுல கூட அடிச்சுக்கிட்டே வருவான். அவனுக்கு நான்தான் கட்டினேன், நான்தான் உட்கார்ந்தேன். கடைசி வரைக்கும் லாரியைப் பத்தியே பேசினான். "ரெண்டாவது கியர் முரண்டு பிடிக்கும் சிஸ்டர், அடுத்து எடுக்கறவன் கிட்டச் சொல்லிடுங்க, அழுத்தி அடிச்சா உடைஞ்சிடும்"னு ஒரே புலம்பல். அவன் அம்மா கிட்ட நானே போய்ச் சொன்னேன். கியர் விஷயத்தைக் கேட்டுட்டு அழுதுக்கிட்டே சிரிச்சாங்க. அட்டை விஷயத்தை மட்டும் சொல்லல. இப்பவும் ஊருக்குள்ள அவங்களைப் பார்க்கறேன், என்னை மக மாதிரி வெச்சிருக்காங்க.

ஒரே ஒரு நிபந்தனை. அட்டை கட்டறதைக் காட்டினா உட்கார்றதையும் காட்டணும். ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணு கூடாது. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, ரெண்டையும் மறந்துடு.

உன் அக்கா

ஜூன் 30

என் அருமை அக்காவுக்கு,

உன் மேல சத்தியம், ரெண்டும் இருக்கும். நேத்து அந்தக் காட்சியை எடுத்துட்டோம். நர்ஸா நடிக்கற பொண்ணு உன் முடிச்சை வாரக்கணக்குல பழகியிருக்கா. கண்ணை மூடிக்கிட்டுக் கட்டறா. இடது மணிக்கட்டு, ஒரே இழுப்பு, நீ சொன்ன மாதிரியே.

அவ திரும்பி வந்து அந்த டிரைவர் பக்கத்துல உட்கார்றா. அவன் கியரைப் பத்திப் பேசறான். கட் சொல்ல மறந்துட்டேன்க்கா. லைட் பிடிக்கற ஆளு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. இது வரைக்கும் நான் எடுத்ததுலயே நல்ல காட்சி இதுதான்னு தோணுது. தயாரிப்பாளர் வந்து என் தோளைத் தட்டிட்டுப் போனாரு.

கூடாரம் நீ வரைஞ்சு அனுப்பின படத்துலேருந்து ஒரு அங்குலம் நகரல. கறுப்புக் கண்ணாடி யாருக்கும் கிடையாது. போதுமா?

வாலு

ஜூலை 12

அன்புள்ள வாலுக்கு,

போதும். இதுக்கு மேல புகழ்ந்தா உன் தலை வாசல்ல இடிக்கும்.

உன் கடிதத்தை மாமாவுக்குப் படிச்சுக் காட்டினேன். தூங்காம கேட்டாரு, அதுவே பெரிய விருதுன்னு வெச்சுக்கோ. பேய் எப்போ வருது, எதுக்கு வருதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லலையே? சரி, அது உன் தொழில். நான் தலையிடல.

ஒரு காரியம் பண்ணிட்டேன். நேத்து ஹார்னோட அம்மாவைப் பார்த்தேன். உங்க பையன் பேசின கியர் பேச்சு சினிமாவுல வருதும்மா, என் தம்பிதான் எடுக்கறான்னு சொல்லிட்டேன். கையில இருந்த பையைக் கீழே வெச்சாங்க. அப்புறம், "அவன் லாரியும் வருமா?"ன்னு கேட்டாங்க. முதல் நாளே கூட்டிக்கிட்டுப் போறேன்னு வாக்குக் குடுத்துட்டேன். அட்டையைப் பத்தி அதுக்கு முன்னாடி நானே பதமாச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அப்புறம், படத்துலயே ரெண்டும் சேர்ந்து வருதே, அதைப் பார்த்தா அவங்களுக்கே புரியும், என் வாயை விட அது நல்லாச் சொல்லும்னு விட்டுட்டேன்.

முதல் தடவையா உன் படத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கேன்டா.

உன் அக்கா

நவம்பர் 14

என் அருமை அக்காவுக்கு,

படம் பிச்சுக்கிட்டுப் போகுது. எல்லாத் தியேட்டரும் நிறைஞ்சிருக்கு. நீ பார்த்திருப்பே. நீ திட்டி எழுதறதுக்கு முன்னாடி நானே எழுதிடறேன்.

உட்கார்ற காட்சி வெளியே போயிடுச்சு. எடுக்காம இல்லை, எடுத்தேன், உனக்குத் தெரியும். ரிலீஸுக்கு முன்னாடி கொஞ்சம் பேரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினோம். அட்டை கட்டும்போது தியேட்டரே மூச்சை அடக்கிக்கிட்டு இருந்துச்சு. அவ திரும்பி வந்து உட்கார்ந்ததும் பயம் போயிடுச்சுக்கா. எல்லாரும் அவ பக்கம் சாய்ஞ்சுட்டாங்க. அப்புறம் கறுப்பு அட்டையோட செத்தவங்க எழுந்து வந்து அவளைக் கொல்லும்போது ஒருத்தன் கைதட்டல. எடிட்டர் அந்தக் காட்சியை எடுத்துட்டு இன்னொரு கூட்டத்துக்குப் போட்டாரு. விசில் பறந்துச்சு. தயாரிப்பாளர் என்னைப் பார்த்தாரு. நான் தலையாட்டிட்டேன்.

நீ கேட்டியே, ராணுவத்து மேல என்ன கடுப்புன்னு. நெஞ்சுல கை வெச்சுச் சொல்றேன், ஒரு கடுப்பும் இல்லை. யூனிபார்ம் போட்டவங்க செத்தா ஜனம் கைதட்டுது, அவ்வளவுதான். கைதட்டறவங்களுக்காகத்தானே படம் எடுக்கறோம்.

டைட்டில்ல முதல் கார்டே உனக்குத்தான் போட்டேன். "ராணுவ ஆலோசனை: என் அக்கா." பார்த்தியா? கோபப்படாதேக்கா.

வாலு

நவம்பர் 22

தம்பிக்கு,

பார்த்தேன். ஹார்னோட அம்மா கூட உட்கார்ந்து பார்த்தேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பார்த்தாங்க. எந்த இடத்துல கையை விட்டாங்கன்னு உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உன் நர்ஸ் அட்டையைக் கட்டறா. முடிச்சு அவ்வளவு சரியா இருக்கு. அதே கூடாரம், அதே கட்டில், அதே டிரைவர். அவன் "சிஸ்டர், சிஸ்டர்"னு கூப்பிடறான். அவ திரும்பிப் பார்க்காம போறா, போய்க் கண்ணாடியில தலையைச் சரி பண்ணிக்கறா. தலை வாரற நர்ஸை நீ எங்கேடா பார்த்தே? அந்த நேரத்துல எங்க கையில மணிக்கட்டு வரைக்கும் ரத்தம்!

கடைசியில அவளை அவங்க கிழிச்சுப் போட்டப்போ பக்கத்து வரிசையில ஒருத்தன் எழுந்து நின்னு விசில் அடிச்சான். நல்ல மனுஷனாத்தான் தெரிஞ்சான், மடியில குழந்தை வேற. நீ அவனை அடிக்க வெச்சே.

படியில இறங்கும்போது அந்த அம்மா கேட்டாங்க. "உயிரோட இருக்கும்போதேவா கட்டினீங்க?" ஆமாம்மான்னு சொன்னேன். "கூப்பிட்டானா?" கூப்பிட்டான், நான் வந்து உட்கார்ந்தேன், எழுந்திருக்கவே இல்லைன்னு சொன்னேன். அவங்க என்னையே பார்த்தாங்க. "படத்துல போயிடறாளேம்மா"ன்னாங்க. அது பொய்ம்மா, சினிமாம்மான்னேன். "உங்களைக் கேட்டுத்தான் எடுத்ததுன்னு முதல்லயே போட்டாங்களே?"

நான் என்ன பதில் சொல்ல? கட்டில் சரி, கூடாரம் சரி, முடிச்சு சரி, எல்லாம் நான் சொன்னது. இது ஒண்ணு மட்டும் பொய்யின்னு எந்தத் தாய் நம்புவா? உன் பழைய படத்துல கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு வந்தானே ஒரு மக்கு கேப்டன், அவன் தேவலாம்டா. அவனைப் பார்த்தா பொய்யின்னு குழந்தைக்குக் கூடத் தெரியும். என் உண்மையை எல்லாம் வாங்கி உன் பொய்க்குச் சட்டை தைச்சுப் போட்டுட்டே.

கடுப்பு இல்லையாம், கைதட்டலாம். இதைப் பெருமையா வேற எழுதியிருக்கே. கடுப்பு இருந்தா கூட மதிச்சிருப்பேன். எங்களால அடிபட்டவன் ஒருத்தன் வந்து எங்களைப் பேயா எடுத்தான்னா நான் தலை குனிஞ்சு பார்ப்பேன். அவனுக்கு அந்த உரிமை இருக்கு. உனக்கு யாருடா என்ன பண்ணா? ஏசி ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு எந்தப் பொணத்துக்கு விசில் வரும்னு கணக்குப் போடறே. மேலிடத்து உத்தரவுன்னா எதையும் செய்யற ஆளை விடப் பெரிய பேய் எதுன்னு என்னைக் கேட்டியே. தயாரிப்பாளர் உன்னைப் பார்த்தாரு, நீ தலையாட்டினே. வெக்கமா இல்லையா உனக்கு?

அந்த மேஜரைப் பேயா எடுன்னு சொன்னேன். நீ அவனை எடுக்கல. என்னை எடுத்தே.

அக்கா

டிசம்பர் 3

என் அருமை அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படிச்சேன். நீ சொன்னது அத்தனையும் சரி. அந்த அம்மாவை நினைச்சா சோறு இறங்கல. சத்தியமா.

ஆனா ஒரு வழி கண்டுபிடிச்சுட்டேன்க்கா. தயாரிப்பாளர் கிட்ட எல்லாத்தையும் சொன்னேன், உன் கடிதத்தையும் காட்டினேன். அவரே கண் கலங்கிட்டாரு. படத்தோட ஐம்பதாவது நாள் விழா வருது. அதுல உட்கார்ற காட்சியைச் சேர்த்துப் புதுசா வெளியிடறோம். "நீங்கள் பார்க்காத உண்மை"ன்னு போஸ்டர். ஜனம் மறுபடியும் வரும். எல்லாரும் அந்தக் காட்சியைப் பார்ப்பாங்க, உன் மேல விழுந்த பழி போயிடும்.

அவரு இன்னொரு யோசனை சொன்னாரு. அந்த அம்மாவும் நீயும் சேர்ந்து மேடைக்கு வந்தா எப்படி இருக்கும்? அவங்க கையால முதல் டிக்கெட்டைக் குடுத்தா அரங்கமே அழும். அவங்களுக்கும் ஒரு மரியாதை. கார் அனுப்பறோம். நீ ஒரு வார்த்தை சொன்னா வருவாங்க. கேட்டுப் பார்க்கறியா? பத்தாம் தேதிக்குள்ள தெரிஞ்சா போஸ்டர்ல போட வசதியா இருக்கும்.

என்னை மன்னிச்சுட்டேன்னு ஒரு வரி எழுதுக்கா.

உன் வாலு

டிசம்பர் 18

இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பத்தாம் தேதி கடந்துவிட்டது என்று தெரிந்தே தாமதமாக எழுதுகிறேன்.

அந்த அம்மாவிடம் உங்கள் யோசனையை நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உங்கள் ஆட்கள் யாராவது காரோடு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றால், நான் வெளியே வந்து பேசுவேன். என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும்.

காட்சியைச் சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் விருப்பம். சேர்த்தால் அதுவும் கைதட்டலுக்காக என்றுதான் இனி எனக்குத் தோன்றும். அந்த அம்மாவுக்கும் அப்படித்தான் தோன்றும். நேற்று போயிருந்தேன். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். கடைசியில் என் பையன் என்ன பேசினான் என்று முதல் தடவை கேட்பது போலக் கேட்டார். முன்பு சொன்னதையே மறுபடி சொன்னேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. நல்லாச் சொல்றீங்கம்மா என்றார்.

உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. முதல் கார்டை எடுத்துவிடுங்கள். எந்தப் பிரதியிலும் அது இருக்கக் கூடாது. கூடாரத்தை நானே போய்ப் பார்த்து எடுத்தேன் என்று போட்டுக்கொள்ளுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

மாமா உங்களை விசாரித்தார். நல்ல மனிதர், இன்னும் உங்களை விசாரிக்கிறார்.

கிளினிக்கில் நேற்று புதிதாகச் சேர்ந்த பெண், உங்களுக்குத் தம்பி இருக்கானா அக்கா என்று கேட்டாள். இருக்கான் என்றேன். என்ன பண்றான் என்றாள். தெரியலைம்மா, ரொம்ப நாளா போக்குவரத்து இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளை ஊசிக்குக் கூப்பிட்டேன்.

இப்படிக்கு,
செவிலியர் (ராணுவ ஓய்வு)